பதினான்கு போல்ட்டுகளைக் கழற்றிக் கடலுக்குப் போனோம்

தை மாதக் குறிப்பேட்டிலிருந்து:

செவ்வாய், காலை 6.10. சென்னை விமான நிலையம். கைப்பையில் ஒரு செம்புக் கலசம். வாய் வெள்ளைத் துணியால் கட்டப்பட்டது.

செவ்வாய், 9.30. சிங்கப்பெருமாள் கோயில். காலமான என் மனைவி வசந்தாவின் அக்காள் அமிர்தத்தின் வீடு. கலசம் சாமி மாடத்துக்குக் கீழே வைக்கப்பட்டது.

செவ்வாய், 11.00. மாமல்லபுரத்துக் கடலில் அஸ்தி கரைக்கத் தாமும் வருவதாக அமிர்தம் அண்ணி அறிவித்தார்.

செவ்வாய், 11.05. அது முடியாது என்று அவருடைய மகன் தனசேகர் கூறினார்.

செவ்வாய், 11.20. ஆம்புலன்ஸ் வைக்கலாம் என்றேன். அண்ணி நிராகரித்தார்.

செவ்வாய், 12.00. தனசேகரின் வண்டியை நாடாவால் அளந்தேன். முன் இருக்கையின் முதுகிலிருந்து பின்கதவு வரை ஆறடி இரண்டு அங்குலம். அண்ணியின் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம்.

செவ்வாய், 12.40. பின் இருக்கைகள் இரு வரிசையையும் கழற்றுவதென முடிவாயிற்று.

குறிப்பேட்டில் உள்ளது அவ்வளவே. எஞ்சியவற்றை நினைவிலிருந்து எழுதுகிறேன்.

நான் வாழும் பினாங்குத் தீவைச் சுற்றிலும் கடல்தான். அஸ்தி கரைப்பதற்காக நான் வங்கக் கடலைத் தாண்டி வந்திருக்க வேண்டிய அவசியமில்லை. வசந்தாவும் அப்படி எதுவும் கேட்டுக்கொண்டதில்லை. கேட்டவர் அண்ணி. சத்துணவு அமைப்பாளராக ஓய்வு பெற்ற அவர், சென்ற ஆண்டு குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். இதயம் தாங்காது என்று மருத்துவர்கள் அறுவை செய்யவில்லை. அன்று முதல் படுக்கைதான். சாய்ந்து உட்காரவும் இயலாது. முதுகு முழுவதும் சமதளத்தில் படிந்திருக்க வேண்டும்.

"போன்ல பாத்தேன் மாப்ள," என்று அவர் கூரையைப் பார்த்தபடி சொன்னார். "மின்மயானத்துல அவள உள்ள தள்ற நேரத்துல நெட்டு போயி, படம் அப்டியே நின்னுபோச்சு. திரும்ப வந்தப்ப நீங்க கை கழுவிகினு இருந்தீங்க. அதுவா என் தங்கச்சிய நான் அனுப்பி வெச்சது?"

நான் முப்பத்தைந்து ஆண்டுகள் பொறியியல் கற்பித்தவன். விடையில்லாத கேள்விகளை மாணவர்கள் கேட்டால், அடுத்த வகுப்பில் பார்ப்போம் என்று சொல்வது என் வழக்கம். எனக்கு ஞாயிற்றுக்கிழமை விமானம். அடுத்த வகுப்பு இல்லை.

ஆம்புலன்ஸை அவர் மறுத்த விதத்தையும் பதிவு செய்ய வேண்டும். "உசுரோட கீறவ எதுக்கு ஊளை வுட்டுகினு போவணும்? நம்ம தெருவுல அந்த வண்டி ஏறிப் போனவங்க எத்தினி பேரு எறங்கி நடந்து வந்தாங்க, சொல்லு பாப்போம்."

தனசேகர் விரல்விட்டு எண்ண முயன்று, கைவிட்டார்.

அவருடைய வண்டி ஏழு பேர் அமரும் பெரிய வண்டி. சுற்றுலாப் பயணிகளை மாமல்லபுரத்துக்கு அழைத்துச் செல்வதே அவர் தொழில். இருக்கைகளை மடக்கினால் போதாதா என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. மடக்கிப் பார்த்தோம். தளம் ஏற்ற இறக்கமாக நின்றது; நடுவில் ஒரு பள்ளம்; உயரமோ மார்பளவு. அந்தப் பள்ளத்தில் முறிந்த இடுப்பு விழுந்தால் என்னவாகும் என்பதைக் காகிதத்தில் வரைந்து காட்டினேன்.

"சித்தப்பா, வண்டி வாங்கி ரெண்டு வருசங்கூட ஆவல," என்றார் அவர். "சீட்ட கழட்னா அது வண்டியா? லாரி."

"லாரியில போனா இன்னாடா?" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். "உங்கப்பா கல்யாணத்துக்கே லாரிலதான் வந்தாரு."

புதன்கிழமை செங்கல்பட்டுக்குப் போனோம். போகும் வழியில் ஒரு கடையில் இட்லியும் வடகறியும். பினாங்கில் காலை வேளையில் எதிர்ப்படுவோரைப் 'பசியாறியாச்சா?' என்று விசாரிப்போம். இங்கே பரிமாறியவர் 'நாஸ்தா முடிஞ்சிதா?' என்று கேட்டுவிட்டு, முடிந்தது என்று நான் சொன்ன பிறகும் இலையில் இன்னோர் இட்லியை வைத்தார். கேள்வி சம்பிரதாயத்துக்கு மட்டுமே என்பதில் இரு ஊர்களும் ஒன்றுதான். வடகறியைப் பொறுத்தவரை, எங்கள் ஊரில் 'ரொட்டி சானாய்' என்னும் பரோட்டாவுக்கு ஊற்றும் குழம்பு தோற்றது என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன்.

ஏரியைப் பார்த்தபடி இருந்த குஷன் கடையின் உரிமையாளர் ரஹீம் பாய். காதில் பென்சில், கழுத்தில் அளவு நாடா. எங்கள் தேவையைக் கேட்டுவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"இன்னா சார் இது. எல்லாரும் சீட்டுக்குக் கவர் போட வருவாங்க. நீங்க சீட்டே வேணாங்கறீங்க."

விவரத்தைச் சொன்னேன். யாருக்காக, எங்கே போவதற்காக என்று சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பென்சில் காதிலிருந்து கைக்கு வந்தது.

கடையில் வேலை செய்தவர் பீகாரிலிருந்து வந்த நடுவயதுக்காரர். வண்டியைச் சுற்றி வந்து பாயிடம் இந்தியில் ஏதோ கேட்டார். நல்ல வண்டியின் குடலை எதற்காக உருவுகிறார்கள் என்று கேட்கிறார் என்று பாய் மொழிபெயர்த்தார். பதிலையும் பாயே சொன்னார். அதன்பின் அந்த மனிதர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சில் கைவைத்துத் தலையசைத்தார்.

இருக்கைகளைத் தளத்தோடு பிணைத்திருந்தவை பதினான்கு போல்ட்டுகள். தலையில் நட்சத்திரப் பள்ளம் கொண்டவை. சாதாரண ஸ்பேனர் பிடிக்காது. பாயிடம் இருந்த நட்சத்திரச் சாவி ஓர் அளவு சிறியது. சரியானதைத் தேடித் தனசேகரும் நானும் நான்கு கடைகள் ஏறி இறங்கினோம். ஐந்தாவது கடையில் கிடைத்தது. மாலைக்குள் பதினொரு போல்ட்டுகள் கழன்றன.

மீதி மூன்று அசையவில்லை. கடலில் நனைந்த பயணிகள் ஈர உடையோடு ஏறி உட்கார்ந்து, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளாக அந்த மூலைக்கு உப்புநீர் ஊட்டியிருந்தார்கள். துரு போல்ட்டையும் தளத்தையும் ஒன்றாக்கிவிட்டது.

"சூடு காட்டுனா வந்துடும்," என்றார் பாய். "ஆனா கீழ டீசல் டேங்கு கீது. காட்டுனா நாம போய்டுவோம்."

எண்ணெய் விட்டுவிட்டு வீடு திரும்பினோம். அண்ணியிடம் பதினொன்று என்றேன். "பதினாலுல பதினொண்ணு பாஸ் மார்க்குதான்," என்றார். "ஆனா நான் மீதி மூணு போல்ட்டு மேலயா படுக்கறது?"

வியாழன் காலை. சாவியின் நீளத்தைக் கூட்ட பாய் ஓர் இரும்புக் குழாயைச் செருகி, உடல் எடை முழுவதையும் கொடுத்தார். நட்சத்திர முனை முறிந்து பறந்தது. தனசேகர் வண்டியின் சக்கரத்தோரம் குந்தி அமர்ந்து, தலையில் கைவைத்துக்கொண்டார். சனிக்கிழமைக்கு ஒரு பயணியிடம் முன்பணம் வாங்கியிருந்ததை அப்போதுதான் சொன்னார். மூன்று போல்ட்டுகளோடு பாதியில் நிறுத்தினால் வண்டி அவருக்கும் பயன்படாது, அண்ணிக்கும் பயன்படாது.

புதிய முனை வாங்கி வந்த பிறகு, நான் ஒரு யோசனை சொன்னேன். முதலில் கழற்ற வேண்டாம். இன்னும் சற்று இறுக்குங்கள்.

பாய் என்னைக் கனிவோடு பார்த்தார். "காலேஜ்ல இன்னா பாடம் சார் நீங்க?"

"பொருள்களின் வலிமை."

"அது சரி. எத்தினி போல்ட்டு கழட்டிகீறீங்க?"

"ஒன்றுகூட இல்லை."

"நைனா," என்று அவர் தனசேகரிடம் திரும்பினார், "உங்க சித்தப்பா இறுக்கச் சொல்றாரு. தலை ஒடைஞ்சா என்னிய கேக்கக் கூடாது."

துருவின் பிடி இரு திசையிலும் ஒன்றுபோல இருக்கும். இறுக்கும் திசையில் நூலளவு அசைந்தால் போதும், பிடி உடையும். இதைக் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். உண்மையா என்று ஒருமுறையும் பார்த்ததில்லை.

பாய் இறுக்கினார். 'டக்' என்று ஓர் ஒலி. உடைந்தது போல்ட்டின் தலை என்றே நான் நினைத்தேன். பாய் சாவியை எதிர்த்திசையில் திருப்பினார். அது திரும்பியது. சிவந்த தூளை உதிர்த்தபடி, சுற்றுச் சுற்றாக, பன்னிரண்டாவது போல்ட் வெளியே வந்தது.

"யா அல்லாஹ்!" என்றார் பாய். அதை உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினார். "வெச்சிக்கங்க சார். மெடலு."

பதின்மூன்றும் பதினான்கும் கால்மணி நேரத்தில் வந்தன. பக்கத்துக் கடைக்காரர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு, இருக்கைகளை ஐவராகத் தூக்கி இறக்கினோம். அடியில் கிடந்தவை: அரை வாளி மணல், சிப்பிகள், ஒரு குழந்தையின் ஒற்றைக் கொலுசு, மூக்குக் கண்ணாடியின் ஒரு கால். வண்டியின் உட்புறம் ஒரு சிறு மண்டபம்போல் விரிந்து நின்றது. செங்கல்பட்டு ஏரிக்கரையில், எண்ணெய் படிந்த கைகளோடு ஐந்து ஆண்கள் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஐவரில் எழுபத்தொரு வயதான நானும் ஒருவன் என்பதைச் சற்றுத் தாமதமாகவே உணர்ந்தேன்.

மாலைக்குள் பாய் தளத்தின் அளவுக்கு ஒட்டுப்பலகை அறுத்து, நான்கு மூலையிலும் கைப்பிடித் துளையிட்டு, மேலே கெட்டியான பஞ்சு மெத்தை பொருத்திவிட்டார். இருக்கை இருந்த இடத்துக் கொக்கிகளில் இரண்டு அகலமான பட்டைகள், அண்ணியைக் கட்டிக்கொள்ள.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. அந்த நேரத்தில் நாங்கள் செய்தவை ஒவ்வொன்றும் தனித்தனியே சரியானவை. அண்ணியைப் பலகையோடு தனசேகரும் அவருடைய ஓட்டுநர் நண்பர்கள் மூவருமாக நால்வர் தூக்கினார்கள். முன்னறையின் திருப்பம் குறுகல் என்பதால் கால் முன்னும் தலை பின்னுமாகக் கொண்டுவந்தார்கள். பனி விழுந்ததால் ஒரு வெள்ளைப் போர்வை. நாலு பேர் தூக்கிப் போவதைத் தெரு பார்ப்பது கூச்சமாக இருக்கிறது என்று அண்ணியே அதை நெற்றி வரை இழுத்துவிட்டுக்கொண்டார். பின்னால் நான், வெள்ளை வேட்டியில், கையில் செம்புக் கலசத்தோடு. வாசலில் இருக்கைகள் இல்லாத வண்டி, பின்கதவு திறந்தபடி.

தெருவுக்கு வேறென்ன தோன்றும்?

இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். டீக்கடையில் பாட்டு நின்றது. எதிர்வீட்டுப் பெண்கள் தலைமுடியை அவிழ்த்துக்கொண்டே படியிறங்கினார்கள். பூக்கடை கஜா, அண்ணியின் சத்துணவுக் கூடத்தில் சாப்பிட்டு வளர்ந்தவராம், ஒரு முழு ரோஜா மாலையோடு ஓடி வந்தார். "பெரிம்மா! என்னிய வுட்டுட்டுப் போய்ட்டியே பெரிம்மா!" என்று கதறியபடி மாலையைப் போர்வையின் மேல் சாத்தினார்.

போர்வை விலகியது.

"இன்னாடா கஜா?" என்றார் அண்ணி. "உசுரோட கீறப்ப ஒரு முழம் பூ வாங்கித் தந்ததில்ல. இப்ப மாலைய தூக்கிகினு வர்ற?"

கஜா பின்வாங்கியதில் பால்காரரின் சைக்கிள் சாய்ந்தது. ஒரு பெண் வீறிட்டார். அடுத்த கணம் தெருவே வெடித்துச் சிரித்தது.

"அய்யய்யோ, மேளத்துக்குப் போன் பண்ணிட்டேனே!" என்றார் இஸ்திரிக்காரர்.

"பண்ணது பண்ணிட்ட. வந்தா நாலு அடி அடிச்சிட்டுப் போவச் சொல்லு, நான் கேட்டு எவ்ளோ நாளாச்சி," என்றார் அண்ணி. தயங்கித் தயங்கி மாலையை எடுக்க வந்த கஜாவின் கையைத் தட்டிவிட்டார். "குடுத்தத திரும்ப எடுக்காத. இது என் தங்கச்சிக்கு."

எதிர்வீட்டுப் பெண்ணொருவர் அவிழ்த்த கூந்தலை முடிந்துகொண்டே வந்து, கலசத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வசந்தா பிறந்து வளர்ந்த தெரு அது. அவளுக்கு அங்கே கிடைக்காமல் போன வழியனுப்புதல், ஒரு தவறான செய்தியால் நிறைவேறியது என்று பின்னர் நினைத்துக்கொண்டேன்.

வண்டி கிளம்பியதும் ஒரு கீச்சொலி தொடங்கியது. நிற்கவில்லை. தனசேகர் பாயைத் தொலைபேசியில் அழைத்து ஒலிபெருக்கியில் போட்டார்.

"சீட்டு இல்லன்னு வண்டி அழுவுது நைனா," என்றார் பாய். "ஒயரு ஒண்ணு வுட்டுப் போச்சு. பயப்படாத. போவப் போவ அதுவே பழகிடும்."

அது பழகவில்லை. கடல் வரை அழுதது.

தரையோடு படுத்திருந்த அண்ணிக்குச் சன்னலின் மேற்பாதி மட்டுமே தெரிந்தது. ஓராண்டுக்குப் பின் வெளியே வந்தவர், உலகத்தின் உச்சிகளை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்குச் சாலையும் கடைகளும் தெரிந்தன. அவருக்கு மின்கம்பிகளும் பனந்தலைகளும் செல்பேசிக் கோபுரங்களும். ஆனால் ஊர்களைச் சொன்னவர் அவர்தான். "மல மேல கோபுரம் வந்துச்சு பாரு, திருக்கழுக்குன்றம்." "புளிய மரம் முடிஞ்சிடுச்சி. இனிமே சவுக்குதான்." சவுக்கின் ஊசித் தலைகள் தொடங்கியபோது அவர் மூக்கைச் சுருக்கினார். "உப்பு வாசன வருது. கண்ணாடிய எறக்குடா."

கூட்டம் சேரும் கோயில் பக்கம் போகாமல், சற்று வடக்கே ஒரு மீனவர் குப்பத்தில் இறங்கினோம். சிமெண்டுச் சாலை முடியும் இடத்திலேயே, பின்கதவு கடலைப் பார்க்கும்படி நிறுத்துவது என் திட்டம். அங்கிருந்து அலை நாற்பது தப்படி. பின்கதவைத் திறந்துவைத்தால் அண்ணி படுத்தபடி பார்க்கலாம். நான் போய்க் கரைத்துவிட்டு வரலாம்.

"பாக்கறதுக்கா வந்தேன்?" என்றார் அண்ணி. "போன்லதான் பாத்துட்டேனே. இன்னும் பின்னால போடா தனா."

தனசேகர் போனார். தாயின் சொல்லுக்கு மணல் கட்டுப்படவில்லை. பின்சக்கரங்கள் அச்சு வரை புதைந்தன.

வலையைப் பிரித்துக்கொண்டிருந்த மீனவர்கள் எழுந்து வந்தார்கள். அவர்களில் மூத்தவர் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "இன்னா அண்ணாத்த, படகுன்னு நெனச்சி வுட்டியா? படகு இழுக்கற டிராக்டர் வரட்டும், ஒரு இழுப்புல எடுத்துடலாம். பேஜாரு ஆவாத." பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார். அண்ணியையும், மாலையையும், கலசத்தையும் பார்த்தார். தலைத்துண்டை அவிழ்த்தார்.

"யாருக்கு?"

"என் தங்கச்சிப்பா. மலேசியாவுல போய்ட்டா. நான் வுடணும்."

"தண்ணி வரைக்கும் நாங்க தூக்கறோம் ஆத்தா. கழி எடுங்கடா!"

இயந்திரங்களையும் படகுகளையும் தோளில் சுமக்க அவர்கள் வைத்திருக்கும் நீண்ட மூங்கில் கழிகள் இரண்டு வந்தன. பலகையின் துளைகளில் கயிறு கோத்துக் கழிகளில் கட்டினார்கள். எடை எந்தப் பக்கம் சாயும் என்பதை நான் சொல்ல வாயெடுத்தேன். அவர்கள் ஏற்கெனவே தலைப்பக்கம் இருவரைக் கூடுதலாக நிறுத்தியிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

"தல முன்னால," என்று அண்ணி உத்தரவிட்டார். "கால் முன்னால போயி இன்னிக்கி ஒரு தடவ பட்டது போதும்."

எட்டுப் பேர் ஒரே குரலில் ஓசை எழுப்பித் தூக்கினார்கள். உலர்ந்த மணல், ஈர மணல், நுரை. முழங்கால் அளவு நீரில் நின்று, அலை வடியும் நேரம் பார்த்துத் தாழ்த்தினார்கள். அண்ணியின் வலக்கை பலகையின் விளிம்பைத் தாண்டித் தொங்கி, நீரைத் தொட்டது. முதலில் விரல்கள். பிறகு மணிக்கட்டு வரை.

நான் துணியை அவிழ்த்தேன். கலசத்தை இருவருமாகப் பிடித்தோம். சொல்வதற்காக ஒரு பாடல் நினைவில் வைத்திருந்தேன், வரவில்லை.

"தனியா போவல நீ," என்றார் அண்ணி, நீரைப் பார்த்து. "நான் வந்து வுட்டுட்டுதான் போறேன். தெரிதா?"

வசந்தா சாம்பல் நிறமாக ஒரு கணம் நின்று, அடுத்த அலையில் கலந்தாள். மாலை அவளுக்குப் பின்னால் போனது. நேரம் 9.52. குறித்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியதால் பார்த்தேன். கைக்கடிகாரம் சற்று மங்கலாகத் தெரிந்தது. மூத்த மீனவர் என் தோளைப் பற்றி, "அல பெருசா வருது சார், கால ஊனி நில்லுங்க," என்றார். ஊன்றி நின்றேன்.

அந்த அலை பலகையின் மேல் ஏறி அண்ணியை இடுப்பு வரை நனைத்தது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். எட்டு மீனவர்களும் சிரித்தார்கள். கரையில் நின்ற தனசேகர் இரு கைகளையும் உயர்த்திக் கூவினார், பந்தயத்தில் வென்றவர்போல.

துக்கம் முடியும்வரை வீட்டில் கவிச்சி இல்லை. முடித்த கையோடு, டிராக்டர் வரும்வரை, அந்தக் குப்பத்திலேயே ஒருவர் வீட்டில் நெத்திலி வறுத்துச் சோறு போட்டார்கள். அண்ணி பின்கதவின் நிழலில் படுத்தபடி, கடலைப் பார்த்துக்கொண்டு, இரண்டு தட்டு சாப்பிட்டார். பினாங்கின் நெத்திலிச் சம்பலில் இல்லாத ஏதோ ஒன்று அதில் இருந்தது. பசி என்று நினைக்கிறேன். பல வாரங்களாக எனக்கு அது இருந்ததில்லை.

திரும்பும் வழியில் அண்ணி தூங்கிவிட்டார் என்றே நினைத்தோம்.

"தனா," என்றார் திடீரென்று. "அந்த சீட்டுங்கள இப்ப மாட்டாத."

"யம்மா, நாளிக்கி சவாரி கீதும்மா!"

"வேற வண்டிய அனுப்பு. வேடந்தாங்கலு அம்பது கிலோமீட்டர்கூட இல்ல. பொறந்ததுலருந்து பாத்ததில்ல. பறவைங்க எல்லாம் மேலதானே பறக்கும்? எனக்கு இங்கேருந்து நல்லாத் தெரியும்."

சனிக்கிழமை காலை இதை எழுதும்போது செய்யாமல் எஞ்சியிருப்பவை:

1. இருக்கைகளைத் திரும்பப் பொருத்துதல். அண்ணியின் தடை நீடிக்கிறது.

2. கீச்சொலியை நிறுத்துதல்.

3. மேளக்காரரிடம் வருத்தம் தெரிவித்தல். அவர் வந்து, விசாரித்து, டீ குடித்துவிட்டுப் போனாராம்.

4. பினாங்கு வீட்டில் வசந்தாவின் அலமாரியைத் திறத்தல்.

5. ஞாயிற்றுக்கிழமை விமானத்தைத் தள்ளிப்போடுதல். நாளை காலை ஆறு மணிக்கு வேடந்தாங்கல். பலகையின் தலைப்பக்கம் பிடிக்க ஓர் ஆள் குறைகிறது.